ஹன்ஸ்லிக் வீட்டுப் பனிப்பங்கு

கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் காலத்தில் பொழியும் பனி நேர்மையான பனி. வருவதை மேகத்தால் முன்னறிவிக்கும். வந்தபின் நிலைத்துத் தங்கும். ஓட்டுக் கூரையையும் சாணக் குவியலையும் கல்லறைச் சிலுவையையும் வேறுபாடின்றி மூடி, இறுதிப் பாட்டு முடிந்த கோயிலைப் போல ஊரை அமைதியில் ஆழ்த்தும். ஆனால் கிறிஸ்து பிறப்புக்கும் மூன்று அரசர் திருநாளுக்கும் இடைப்பட்ட நாட்களில் தெற்கிலிருந்து ஒரு காற்று எங்கள் பள்ளத்தாக்கில் ஏறிவரும். வெதுவெதுப்பான காற்று. அது தொட்டதும் பனி தன் குணம் மாறும். மேலே வெண்மை குலையாது. அடியில் நீர் நடக்கும். நேற்றுத் தாங்கிய இடம் இன்று தாங்காது. கூரை விளிம்புகள் ஓயாது சொட்டும். காட்டில் ஊசியிலை மரங்கள் தம் சுமையைத் திடீரெனத் தவறவிட, யாரோ பின்னால் நடந்து வருவது போல் ஒலி கேட்கும். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இரார். அந்நாட்களில் பிஸ்த்ரோவ் ஊரில் ஐயமின்றிக் கால் வைப்பவர் இல்லை. பனியை ஐயுற்றுப் பழகிய கண், மெல்ல மெல்ல மனிதரையும் அவ்வாறே நோக்கத் தொடங்கும்.

எங்கள் ஊர் பனிச்சறுக்குத் தாவுமேடையால் பெயர் பெற்றது. அதை மூன்று முறை கட்டினோம். முதல் மேடை, முதல் உலகப்போருக்கு முன் வனக்காவலரின் ஆட்கள் ஆட்டுக்கொட்டிலின் பின்கரையில் பனியைக் குவித்துச் செய்தது. அதிலிருந்து தாவியவன் வேலியைத் தாண்டினாலே ஊர் கைதட்டியது. இரண்டாவது, பீர் ஆலைக்குப் பின்னாலிருந்த சரிவில் மரத்தால் எழுந்தது. சரிவின் குறுக்கே ஓர் ஊற்று கசிந்துகொண்டிருந்ததாம். அக்காலத்து ஆடவர் அதை எப்படியோ அடக்கினார்கள் என்பது பேச்சு. அந்த மேடையை ஒரு புயல் சாய்த்தது. இரண்டாம் போர் முடிந்து ஆண்கள் வீடு திரும்பியபின், அதே சரிவில், பக்கக்காற்றுக்கு அஞ்சிச் சற்றே திசைதிருப்பி, மூன்றாவதைக் கட்டினோம். மேலே மரக்கோபுரம்; அதிலிருந்து சறுக்கி வருகிறவன் விளிம்பில் எழும்பிக் காற்றில் பறந்து, கீழே நீண்டு கிடக்கும் இறங்குசரிவில் வந்து ஊன்றுவான்.

அந்த இறங்குசரிவு வீடுகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டிருந்தது. மேலிருந்து கீழாக, வயல்வரப்பு போல, ஊசியிலைக் கிளைகளை நட்டு எல்லை காட்டியிருப்போம். பனி குறைந்த ஆண்டில் அந்தந்த வீட்டார் காட்டின் நிழற்பள்ளத்திலிருந்து முதுகுக் கூடையில் பனி சுமந்து வந்து தம் பங்கில் கொட்டி, சறுக்குக் கட்டைகளைக் குறுக்கே வைத்து, குதிகால் புதையாத இறுக்கம் வரும்வரை பக்கவாட்டில் ஏறி ஏறி மிதிக்க வேண்டும். பிறர் பங்கில் கால் வைப்பது, பிறர் சமையலறையில் சட்டியைத் திறந்து பார்ப்பதற்கு ஒப்பான அவமதிப்பு.

கடந்த ஆண்டு மூன்று அரசர் திருநாள் போட்டியில் கல்லுடைப்புக்காரி ஒட்டிலியேயின் மகன் ராதிம் கூபாத், ஊரே மூச்சடக்கிப் பார்க்க நெடுந்தொலைவு பறந்து, ஹன்ஸ்லிக் வீட்டுப் பங்கின் ஓரத்தில் வந்து ஊன்றினான். பனி உள்வாங்கியது. வலக்கால் கட்டை தரைவரை இறங்கி நின்றுவிட, உடல் மட்டும் முன்னே போனது. முழங்கால் அன்று முறிந்ததுதான், பின் மடங்கவேயில்லை. அவனைத் தூக்கியபின் குழிக்குள் எட்டிப் பார்த்தவர்கள் அங்கே பச்சைக் கிளைகள் கிடக்கக் கண்டார்கள். “பனி சுமக்கச் சோம்பல்பட்டு அடியில கிளையப் போட்டு நிரப்பியிருக்கானுவ” என்று ஒரு குரல் எழுந்தது. அந்தப் பங்கை மிதித்தது யார் என்று தாவுமேடைக் குழுவினர் கேட்டபோது வெண்டெலின் ஹன்ஸ்லிக், “நான்தான்” என்றான்.

அன்றுமுதல் அந்த வீடு ஊருக்குள் இருந்தும் ஊருக்கு வெளியே போயிற்று. திருநாளன்று வீடுவீடாகப் பாடி, கதவுமேல் சுண்ணக்கட்டியால் மூன்று அரசர்களின் முதலெழுத்தை எழுதிச் செல்லும் பாடகர்கள் அவ்வாசலை அன்றே தவிர்த்துவிட்டார்கள். அதற்கும் முந்திய ஆண்டின் எழுத்துகளே நிலைக்கட்டையில் வெளிறிக் கிடந்தன.

இவ்வாண்டு, கிறிஸ்து பிறப்பையடுத்த ஸ்தேவான் திருநாள் கழிந்த மறுநாள், ரொட்டிக்கடைச் சிரில் ஷெடிவி அந்த வீட்டுக்கு வந்தார். தாவுமேடைக் குழுவின் தலைவர் அவர். வெண்டெலினின் மனைவி பிளாஷேனா ரை என்னும் தானிய மாவைப் புளிக்கவைத்துக் காளான் போட்ட சூப்பை அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் சொல்லாமலே அமர்ந்து கிண்ணத்தை நீட்டுகிறவர், தொப்பியைக் கையில் பிசைந்தபடி நின்றார்.

“உக்காருங்க சிரில் ஐயா.”

“இல்லம்மா, அடுப்புல ரொட்டி கெடக்கு.”

“ரொட்டி காலையிலயே வெந்துருச்சே. வாசன இங்க வரைக்கும் வந்துச்சு.”

அவர் வெண்டெலின் பக்கம் திரும்பினார். “குழுவுல பேசினோம். இந்த வருஷம் உங்களுக்குச் சிரமம் வேணாம்னு...”

“என்ன சிரமம்?”

“பங்குதான். ஒட்டிலியே கேட்டா. அவ பங்குக்குப் பக்கத்துப் பங்குதான? சேத்துப் பாத்துக்கிறேன்னா. குடுத்துட்டோம்.”

வெண்டெலின் கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தான். மரஅறுவை ஆலையில் உழைத்துத் தடித்த கை. “எங்க அப்பா மிதிச்ச பங்கு அது.”

“மிதிச்சாரு. யாரு இல்லேன்னா? அவர் மிதிச்ச காலத்துல யாருக்கும் முட்டி உடையல.”

“எத்தன வருஷத்துக்கு?”

“அது...” சிரில் தொப்பியை அணிந்துகொண்டார். “ஒருதரம் கைமாறுனா கைமாறுனதுதான், வெண்டா. உனக்குத் தெரியாததா? பங்கில்லாத வீடும் ஊர்ல ரெண்டு மூணு இருக்கத்தான செய்யுது.”

பங்கில்லாத வீடு என்றால் வந்தேறி வீடு. அல்லது சிறை சென்றவன் வீடு. போட்டி நாளில் அவ்வீட்டார் கயிற்றுக்கு அப்பால் நிற்பர். நெசவாலையில் அவ்வீட்டுப் பெண்ணின் தறிக்குப் பக்கத்துத் தறி காலியாகவே இருக்கும். மூன்று நாட்களுக்குமுன் பிளாஷேனாவின் பக்கத்துத் தறிக்காரி, கண் வலிக்கிறது, சன்னலோரம் வேண்டும் என்று சொல்லி இடம் மாறியிருந்தாள்.

சிரில் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

“ஒண்ணு கேக்கவா?” என்றாள் பிளாஷேனா, அடுப்பைப் பார்த்தபடியே. “போட்டியன்னிக்குக் காலையில நீ மட்டும் ஏன் சரிவுக்குப் போன?”

“எல்லைக் கிளை நட.”

“தோள் நெறையக் கட்டிக்கிட்டுப் போன. எல்லைக்கு அவ்ளோ கிளையா?”

அவன் தலை நிமிர்ந்தான். “நான் ஒண்ணு கேக்கவா? முந்தின நாள் எனக்கு ஆலையில வேலை. நீ தனியா மிதிக்கப் போன. வெளிச்சம் இருக்கவே வீடு வந்து சேந்துட்டியாமே?”

“யாரு சொன்னா?”

“யாரு சொன்னா என்ன?”

“மிதிச்சு முடிச்சேன், வந்தேன்.”

“சரி.”

“சரின்னா?”

“சரின்னா சரிதான். சூப்பு ஊத்து.”

ஒரே கிண்ணத்து உப்பைத் தின்று இருபதாண்டு வாழ்ந்த இருவர், அன்று ஒருவர் கரண்டியை மற்றவர் கண்காணிப்பது போல் உண்டார்கள். குற்றம் அவனுடையது என்று அவள் நெஞ்சு சொல்லியது, அவனே ஒப்புக்கொண்டானே! குற்றம் அவளுடையது என்று அவன் நெஞ்சு சொல்லியது. அதனால்தான் அவன் ஒப்புக்கொண்டிருந்தான். இரண்டும் சொல்லப்படாமல், அடியில் ஓடும் நீராய் அவ்வீட்டில் ஓராண்டாக ஓடிக்கொண்டிருந்தன.

ஒட்டிலியே இரண்டு பங்கையும் தானே மிதித்தாள். பரந்த தோளும் உரத்த குரலும் உடைய பெண். கல்லுடைப்பில் கணவன் மாண்டபின் அவன் சம்மட்டியை எடுத்துக்கொண்டு மறுவாரமே வேலைக்குப் போனவள். ராதிமை ஒரு கைச்சறுக்கு வண்டியில் வைத்து இழுத்து வந்து, சரிவின் அடியில் கம்பளி போர்த்தி உட்கார்த்தியிருந்தாள்.

“அம்மா, போதும். நீ மிதிக்கிற மிதியில மலையே ஒரு அடி எறங்கிரும்.”

“நீ வாய மூடு. ஒருத்தன் ஒழுங்கா மிதிச்சிருந்தா நீ இன்னிக்கு வண்டியில உக்காந்திருக்க மாட்ட.”

“வண்டி நல்லாத்தான் இருக்கு. குதிரதான் கொஞ்சம் கத்துது.”

அவள் சிரிக்கவில்லை. பங்கு கைமாறினாலும் எல்லை மாறக்கூடாது என்பது ஊர்முறை. ஆகவே இரு பங்குக்கும் நடுவே பழைய வரிசையிலேயே கிளைகளை நட்டுவிட்டுப் போனாள். மறுநாள் வந்து பார்த்தபோது அந்த வரிசையின் நடுவில் பனி கிண்ணம் போல் குழிந்திருந்தது. நட்ட கிளைகள் குழிக்குள் சாய்ந்து கிடந்தன. நிரப்பினாள், மிதித்தாள். அடுத்த நாளும் குழி, உள்ளே கிளைகள்.

ரொட்டிக்கடை வரிசையில் அவள் குரல் தெருவரை கேட்டது. “யாரோ வந்து தோண்டிப் போடுறாங்க. கிளையப் பிடுங்கிக் குழிக்குள்ள எறியிறாங்க. வேணும்னே.”

“நரியா இருக்கும் ஒட்டிலி” என்றார் சிரில், ரொட்டியைத் தாளில் சுற்றியபடி.

“நரிதான். அந்த நரிக்கு வீடும் இருக்கு, பொண்டாட்டியும் இருக்கு. ரை சூப்பு குடிக்கும்.”

வரிசை சிரித்தது, பிறகு சட்டென்று நின்றது. வரிசையின் கடைசியில் பிளாஷேனா நின்றிருந்தாள்.

“எனக்கு ரெண்டு ரொட்டி” என்றாள் அவள். குரல் உடையவில்லை. ஆனால் வீடு வரும் வழியெல்லாம் அவள் நெஞ்சில் ஒன்றே உருண்டது: இரண்டு நாளாக வெண்டெலின் ஆலைக்குப் போகும்முன் எங்கோ போய்வருகிறான். காலணியில் ஈரம். கேட்டால், விறகு பார்க்கப் போனேன் என்கிறான். விறகு எதுவும் வீடு வரவில்லை.

திருநாளுக்கு முந்தைய நாள் விடியலில் அவள் கண்விழித்தபோது படுக்கையில் அவன் பக்கம் ஆறியிருந்தது. கதவோரம் சாத்தியிருந்த, ஆலைக்குளத்தில் மரம் தள்ளும் நீண்ட கழியைக் காணவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பீர் ஆலையின் மதிலோரமாக நடந்தாள். தெற்குக் காற்று முகத்தில் மாட்டின் மூச்சுப் போல் வந்து மோதியது. ‘தாயே, மரியே, அது அவனாக இருக்க வேண்டாம்’ என்று அவள் உதடு அசைந்தது.

ஆனால் அவனேதான். இறங்குசரிவின் நடுவில், எல்லைக் கிளைகளின் வரிசையில் குனிந்து நின்று, கழியைப் பனிக்குள் செருகி எடுத்துச் செருகி எடுத்துக்கொண்டிருந்தான்.

அவள் வாய் திறக்கும்முன், போட்டி நடுவர்கள் நிற்கும் கூண்டின் பின்னாலிருந்து ஓர் உருவம் மண்வெட்டியோடு பாய்ந்தது.

“பிடிச்சுட்டேன்! யேசு மரியா, கையும் களவுமாப் பிடிச்சுட்டேன்!”

“கத்தாத ஒட்டிலி” என்றான் வெண்டெலின். “இங்க வா. இதக் கேளு.”

“நான் எதக் கேக்கணும்? என் பிள்ள கால வாங்குனது போதாதா? இப்ப யாரு பிள்ள வேணும் உனக்கு?”

“தோண்ட வரலடி நான்! உன் பங்கும் குழியுதுன்னு கேள்விப்பட்டேன். நீ மிதிச்சா குழியாது. ஊருக்கே தெரியும். அப்ப ஏன் குழியுதுன்னு பாக்க வந்தேன்.”

“ஐயோ பாவம்! காவல் வந்தியா? கழியோடயா?”

அப்போது பிளாஷேனா மதிலை விட்டு வெளியே வந்தாள். அவள் ஒட்டிலியேயைப் பார்க்கவில்லை. கணவனை மட்டுமே பார்த்தாள்.

“வெண்டா. மாதா மேல ஆணையாச் சொல்லு. கிளையப் போட்டு நெரப்புனது நீதானா?”

“நானா?” அவன் குரலில் உண்மையான திகைப்பு இருந்தது. “நான் எதுக்கு...”

“போன வருஷம் குழு கேட்டப்ப, நான்தான்னு சொன்னியே!”

“மிதிச்சது நான்தான்னு சொன்னேன்.”

“மிதிச்சது நானு!”

“அதனாலதான் சொன்னேன்!”

பிளாஷேனாவின் கை மெல்ல எழுந்து தன் வாயைப் பொத்திக்கொண்டது. “நான் சரியா மிதிக்கலன்னு நெனச்சியா? ஒரு வருஷமா?”

“நான் கிளை போட்டேன்னு நீ நெனச்சியே, ஒரு வருஷமா.”

“குதிகால் புதையலடா அன்னிக்கு. கல்லு மாதிரி இருந்துச்சு. அதான் வெளிச்சத்துலயே வந்தேன்.”

“நான் எல்லைக் கிளை நட்டேன். அவ்ளோதான். மிச்சத்தக் காலடியில விரிக்க நடுவருங்க கேட்டாங்கன்னு கூண்டுல போட்டுட்டு வந்தேன்.”

“என்ன கூத்து இது?” என்று சீறினாள் ஒட்டிலியே. “புருஷனும் பொண்டாட்டியும் சேந்து என் முன்னாடி நாடகம் ஆடுறீங்களா? நான் மிதிச்ச மிதியப் பாக்கிறியா? பாரு! இந்தக் கழி ஒரு சாண் எறங்குதான்னு பாரு!”

அவன் கையிலிருந்து கழியைப் பறித்து, சம்மட்டி ஓங்கும் வேகத்தில் பனியில் இறக்கினாள். கழி நிற்கவில்லை. வழுவழுவென்று உள்ளே போய், அவள் கைப்பிடிவரை போய், அவளையும் இழுத்து முழங்காலில் வீழ்த்தியது. எழ முயன்றவள் அப்படியே அசையாதிருந்தாள். அந்தத் துளையிலிருந்து ஓர் ஓசை வந்தது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை தனக்குத்தானே பேசிக்கொள்வது போன்ற ஓசை.

“தண்ணி” என்றாள்.

மூவரும் தோண்டினார்கள். பாதிக்கு வந்தபோது பீர் ஆலைக்குப் போகிறவர்கள் சிலர் நின்றார்கள். பிறகு அவர்களும் இறங்கினார்கள். பனிக்கும் மண்ணுக்கும் அடியில், எல்லை வரிசையைத் தொடர்ந்தே சாய்ந்து செல்லும் ஒரு பழைய கால்வாய். கருவாலி மரப் பலகைகளால் பெட்டி போல் அடைத்தது. ஓரிடத்தில் மூடி நைந்து உள்ளே விழுந்திருந்தது. அதன் வழியாக ஊற்றின் மூச்சு, மண்ணின் வெப்பத்தோடு, மெல்லிய ஆவியாய் எழுந்து அடிப்பனியை நக்கிக்கொண்டிருந்தது. மேற்பரப்பு இறுகியே நிற்கும். மனிதன் மேலிருந்து விழும்வரை நிற்கும்.

ஒட்டிலியே குழியின் விளிம்பில் அமர்ந்துவிட்டாள். “இது எங்க அப்பா போட்டது” என்றாள். யாரும் கேட்காமலே சொன்னாள். “ரெண்டாவது மேடை கட்டுறப்ப. நான் சின்னப் பொண்ணு. உருளக்கெழங்கு சூப்பு தூக்கிட்டு வருவேன். தண்ணிய ஆலைக்குளத்துக்குத் திருப்பிட்டோம், இனி சரிவு காய்ஞ்சே கெடக்கும்னு அப்பா சொன்னாரு. இங்கதான் நின்னு சொன்னாரு.”

“மூணாவது கட்டுறப்ப இத எடுத்திருக்கணுமே” என்றார் கூட்டத்திலிருந்த சிரில்.

“எடுத்திருக்கணும்” என்றான் வெண்டெலின். “மேடையத் திருப்புனப்ப இது நேரா எல்லைக்கு அடியில வந்துருச்சு. எங்க பங்கு இல்லைன்னு எங்க அப்பா விட்டிருப்பாரு.”

“எங்க பங்கு இல்லைன்னு என் வீட்டுக்காரர் விட்டிருப்பாரு” என்றாள் ஒட்டிலியே.

குழியின் அடியில், ஈரப் பலகைமேல், அவள் முந்தைய நாள் நட்ட எல்லைக் கிளைகள் பச்சை மாறாமல் கிடந்தன. கடந்த ஆண்டு எல்லோரும் கண்ட கிளைகளும் இவ்வாறுதான் விழுந்திருக்கும் என்பது நின்றவர்களுக்கு விளங்கியது. ஒட்டிலியே ஒரு கிளையை எடுத்து, நீரை உதறி, கையிலேயே வைத்திருந்தாள். பிறகு எழுந்தாள். யாரையும் பாராமல் சரிவிறங்கிப் போனாள்.

போட்டி தள்ளிவைக்கப்பட்டது. அன்று மாலைவரை ஊர் தோண்டியது. யார் பங்கு என்று பாராமல் கால் வைத்துத் தோண்டியது. அந்த ஊரில் அது முதன்முறை. இருட்டும்முன் சிரில் ஹன்ஸ்லிக் வீட்டுக் கதவைத் தட்டி, பின்னிய இனிப்பு ரொட்டி ஒன்றை நீட்டினார்.

“ஒண்ணு கூடுதலா வெந்துருச்சு.”

“கிறிஸ்துமஸ் முடிஞ்சு இத்தன நாளாச்சு, இப்பவும் இது வேகுதா உங்க அடுப்புல?” என்றாள் பிளாஷேனா.

“பழைய அடுப்பும்மா. நேரங்காலம் தெரியாது.” இம்முறை அவர் சொல்லாமலே அமர்ந்தார்.

ஆனால் அவள் காதுகள் வேறொரு காலடிக்குக் காத்திருந்தன. ஊர் அவர்கள் பக்கம் திரும்பியது, ஒட்டிலியே திரும்பவில்லை. அவள் வாயிலிருந்து பிறந்த சொல், அவள் வாயாலன்றி அவிழாது.

மூன்று அரசர் திருநாளன்று எங்கள் ஊருக்குக் குருவானவர் இல்லை. அவ்வாண்டில் அவர் மூன்று ஊர்களுக்கு ஒருவராய்த் திரிந்தார். சுண்ணக்கட்டியை மந்திரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நண்பகலில், பாடகர்கள் எவரும் வரும்முன்னே, தெருவில் சறுக்கு வண்டி உராயும் ஓசை கேட்டது. பிளாஷேனா கரண்டியோடு சன்னலுக்கு வந்தாள். ஒட்டிலியே ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புச் சால்வையில். வண்டியில் ராதிம், தந்தையின் கோட்டில்.

ஒட்டிலியே வாசலில் நின்றாள். “பெஞ்சு இருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

வெண்டெலின் பெஞ்சைத் தூக்கி வந்து வைத்தான். அது ஆடியது. அவன் மண்டியிட்டு அதன் காலைப் பிடித்துக்கொண்டான். அவள் ஏறினாள். நிலைக்கட்டையில் வெளிறிக் கிடந்த பழைய எழுத்துகளை, எவரும் எழுத வராத ஆண்டின் வெறுமையோடு சேர்த்து, சற்றுநேரம் பார்த்தாள். சால்வையின் நுனியை வாசற்பனியில் நனைத்துத் தருமாறு கீழே நீட்டினாள்; பிளாஷேனா வெளியே வந்து நனைத்துக் கொடுத்தாள். பீடத்துணியால் கிண்ணம் துடைப்பவரைப்போல மெதுவாக, மூலைவரை, ஒட்டிலியே நிலைக்கட்டையைத் துடைத்தாள். பிறகு மடியிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து, அரசர்களின் மூன்று எழுத்தையும் இடையிலே சிலுவைகளையும் எழுதினாள்.

“அம்மா, கோணலா இருக்கு” என்றான் ராதிம்.

“பெஞ்சு ஆடுது.”

“பெஞ்ச நான் அசையாமத்தான் பிடிச்சிருக்கேன்” என்றான் வெண்டெலின், கீழிருந்து.

“அப்ப கைதான் ஆடுது” என்றாள் ஒட்டிலியே. “விடு. கோணலா இருந்தாலும் ஒரு வருஷம் தாங்கும்.”

அவள் இறங்கினாள். ராதிம் ஊன்றுகோலைப் பற்றி எழுந்து, மடங்காத காலை நீட்டியபடியே தலை குனிந்தான். பிளாஷேனா கரண்டி பிடித்த கையால் சிலுவை போட்டுக்கொண்டாள். பெஞ்சின் காலை விட மறந்து வெண்டெலின் மண்டியிட்டபடியே இருந்தான். ஒட்டிலியே கதவின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வழக்கமான சொற்களை அவள் தேடியது தெரிந்தது. அவை வரவில்லை, வந்தவற்றைச் சொன்னாள்.

“இந்த வாசல்ல நொழையிறவங்களக் கிறிஸ்து காக்கட்டும். வெளிய போறவங்களையும் காக்கட்டும். நடக்கிற காலையும், நடக்க முடியாத காலையும் காக்கட்டும். நம்ம அடியில ஓடுற தண்ணி நம்ம கண்ணுக்குத் தெரியாது. அத அவரே பாத்துக்கட்டும். இந்த வீடு நல்லா இருக்கட்டும்.”